வெள்ளைக் கழிகளுக்கு வெளியே

யாராவது அவளைத் திட்டினால் அவள் திருப்பித் திட்டமாட்டாள். திட்டியவன் சொன்னதை ஒரு சொல் மாறாமல், நடுவில் அவன் இருமியிருந்தால் அந்த இருமலோடு சேர்த்து, ஒருமுறை சொல்லிக் காட்டுவாள். "இதத்தானே சொன்ன? சரி, வச்சிக்கிறேன்" என்பாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். பழவேற்காட்டுத் துறையில் அந்த 'வச்சிக்கிறேன்' காதில் விழுந்தவன் எவனும் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவள் பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவள் ஆட்கள் இன்னும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறார்கள். நான் ஊரை விட்டு வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. யாராவது என்னை ஏமாற்றினால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவள் முகம்தான். வற்றிய கன்னம், எண்ணெய் வைக்காத தலை, பானை சுமந்து சுமந்து இறங்கிப்போன இடது தோள்.

ஏரித்துறையில் இறங்கினால் ஒல்லாந்தர் கோட்டை வாசல் வரைக்கும் நேராக ஒரு மணல் பாதை போகும். கப்பல் வரும் நாட்களில் துணிப் பொதிகள் அந்த வழியாகத்தான் துறைக்குப் போகும். பாதையின் இரண்டு பக்கமும் மீன், பனங்கிழங்கு, வெற்றிலை, சட்டிப்பானை என்று எல்லாம் விற்கும். அவள் கேழ்வரகுக் கூழும் வறுத்த மீனும் விற்றாள். முகத்துவாரத்தைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் சலங்குப் படகுக்காரர்கள் உடம்பெல்லாம் உப்போடு வந்து அவள் முன்னால்தான் குந்துவார்கள். அவளுடைய தங்கைதான் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். அக்காவுக்கு நேர்மாறாக அந்தப் பெண் எதற்கும் சிரிப்பாள்.

நான் தமுக்கடிப்பவன். கோட்டையில் துரை ஓர் உத்தரவு போட்டால் துபாஷி அதைத் தமிழில் எனக்குச் சொல்லுவார். எனக்கு எழுத்துத் தெரியாது. காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு துறையிலும் கடைத்தெருவிலும் குப்பங்களிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. 'தமுக்கு' என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு சலங்குக்குத் தலைவனாக இருந்தவன் ஒருநாள் அவள் கூழை வாயில் ஊற்றி மணலில் துப்பினான். இது கூழா, அரிசி கழுவின தண்ணியா என்று கேட்டான். அவள் அதைச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்தவனுக்கு ஊற்றினாள். மாதங்கள் ஓடின. கார்த்திகையில் முகத்துவாரத்தில் அலை புரட்டி அவன் படகு கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. எட்டுப் பேரும் பல் கிடுகிடுக்க அவள் அடுப்பண்டை வந்து உட்கார்ந்தார்கள். ஏழு பேருக்குச் சுடச்சுடக் கூழ். அவனுக்கு மட்டும் அரிசி கழுவின தண்ணீரைச் சூடாக்கி, உப்புப் போட்டு, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குடித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவளைக் கட்டியவன் நாகப்பட்டினம் பக்கம் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டவன். ஐந்தாறு வருஷம் கழித்து ஒருநாள் மூட்டையோடு வந்து குடிசை வாசலில் நின்றான். அவள் தண்ணீர் கொடுத்து, "எந்த ஊரு நீங்க? யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். அவன் தன் பெயரைச் சொன்னான். அப்படி யாரையும் தெரியாதே என்றாள். இரண்டு நாள் அவன் வாசலிலேயே கிடந்தான். வெளியே வரும்போதெல்லாம் அதே தண்ணீர், அதே கேள்வி. குப்பமே பார்த்தது. மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். நான் அவளிடம், பாவம் அக்கா என்று சொன்னேன். யார் பாவம் என்று திருப்பிக் கேட்டாள். 

பாதை உத்தரவு வந்தது அதற்கு அடுத்த வருஷம். சுமைக்காரர்களுக்கு வழியில்லை என்று துரைக்குக் கோபம். பாதையின் இரு ஓரமும் மூங்கில் கழி நட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தார்கள். 'இந்தக் கழிகளுக்குள் யாரும் உட்கார்ந்து எதையும் விற்கக் கூடாது' என்று நான் தமுக்கடித்துச் சொன்னேன். கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. அவள் மட்டும் கிட்டே வந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"குந்தி விக்கக் கூடாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்க்கா."

மறுநாள் நின்றுகொண்டு விற்றாள். அவளைப் பார்த்து எல்லாரும் நின்றார்கள். கடைத்தெருவுக்கும் துறைக்கும் காவல் பார்த்த கொத்தவால் கோட்டைக்குப் போய்ச் சொல்ல, நின்றும் விற்கக் கூடாது என்று அடுத்த உத்தரவு. அவள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். படகுக்காரர்கள் கூடவே நடந்துகொண்டு கூழ் குடித்தார்கள். துறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாரும் சிரித்தது கொத்தவாலைப் பார்த்து.

அவன் மேற்கே நெல் விளையும் கிராமத்திலிருந்து வந்தவன். கோட்டை கொடுத்த சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றாமலே சாப்பிடுவான் என்று சொல்லுவார்கள். தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி ஒரு கூழ்க்காரி செய்துவிட்டாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. துபாஷியைப் பிடித்து மூன்றாவது உத்தரவை அவனே வாங்கிவந்தான். அது எனக்கு இன்னும் மனப்பாடம். 'கழிகளுக்குள் தரையில் வைத்த பொருள், எதுவானாலும், யாருடையதானாலும், கோட்டைக்குச் சேரும். திருப்பிக் கேட்பவருக்குப் பத்துக் கசையடி.' அவள் அதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் கழிகளுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி அடுப்புக்கல் போட்டாள். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு மத்தியானம் அவள் மீன் வாங்க ஏரிப் பக்கம் போயிருந்தாள். தங்கை எண்ணெய்ச் சட்டியின் முன் இருந்தாள். கொத்தவால் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தான். அங்கிருந்த கழியைப் பிடுங்கி, அடுப்புக்கு அந்தப் பக்கம் மணலில் ஊன்றினான். நேராக நிற்கவில்லை. "பிடிடா" என்றான். நான் பிடித்துக்கொண்டேன். "இப்ப இது உள்ளே இருக்குதா, வெளியே இருக்குதா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டான். அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவன் சட்டியை உதைத்தான்.

அந்தச் சத்தத்தை நான் வாயால் சொல்லப்போவதில்லை. முகத்தின் வலது பக்கம் முழுக்க வெந்துபோனது. ஒரு கண் போயிற்று. மூன்று மாதம் வாழையிலையில் படுத்திருந்தாள்.

துபாஷி விசாரித்தார். பெண்ணே தடுக்கிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டாள் என்றான் கொத்தவால். என்னைக் கேட்டார்கள். கழி எங்கே இருந்தது என்று துபாஷி கேட்டபோது, எப்போதும் இருந்த இடத்தில்தான் என்று சொன்னேன். என் பிழைப்பு அந்தக் கோட்டையில் இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அக்கா கோட்டை வாசலில் நின்றிருந்தாள். கொத்தவால் வெளியே வந்தபோது அவன் விசாரணையில் சொன்னதை அவனுக்கே சொல்லிக் காட்டினாள். குரல் ஏறவில்லை. "இதத்தானே சொன்ன? வச்சிக்கிறேன்." அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். பின்னாலேயே நான் வந்தேன். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு கொத்தவால் என்னைத் தன் வீட்டு ஆள் போல நடத்தினான். பொய் சொன்ன வாயை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் வை, விறகு பிள, செருப்பைத் துடை. ஊர் முன்னால் வேண்டுமென்றே சொல்லுவான். நானும் என் வழியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். அவளைப் போலச் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளும் தைரியம் எனக்கில்லை.

இரண்டு வருஷம் அவள் ஒன்றும் செய்யவில்லை. கழிக்கு வெளியே விற்றாள். கொத்தவால் வந்தால் எழுந்து நிற்பாள். அவன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு சுண்ணாம்புக்குளத்துப் பக்கம், நிலபுலம் உள்ளவர்கள். ஏரி வழியாகத் தோணிகளில் வந்து, துறையில் இறங்கி, கோட்டை வாசலைத் தாண்டிப் பெண் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சுற்று வழி இருந்தது. ஆனால் கோட்டையில் இருப்பவர்கள் பார்க்க ஊர்வலம் போக வேண்டும் என்பது கொத்தவாலின் ஆசை. முன்னால் தமுக்கடித்துப் போக என்னைச் சொல்லியிருந்தான்.

அதற்கு ஒரு மாதம் முன்பு புதுத் துரை ஒருவர் கப்பலில் வந்திருந்தார். கறாரான மனிதர். சரக்கு ஏறும் நாட்களில் காலையில் தானே நடந்து துறைக்கு வருவார். கல்யாணத்தன்று வெளியே கப்பல் நின்றிருந்தது. இவ்வளவும் அவளுக்குத் தெரியும். அந்தத் துறையில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

தோணிகள் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. பரிசத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பதினைந்து இருபது பேர் பாதையில் ஏறினார்கள். கூறைப்புடவை, தாலி, தேங்காய், பழம், வெற்றிலை. பாதி வழியில், கழிக்கு வெளியே, அவள் இரண்டு பெரிய பானையில் பானகம் வைத்துக்கொண்டு நின்றாள். தலையில் அன்றைக்கு எண்ணெய் வைத்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு வந்துகினு கீறீங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

வெல்ல வாசனை. தாகம். ஒருவன் தட்டைக் கீழே வைத்தான். அடுத்தவன் வைத்தான். எல்லாத் தட்டும் மணலில் இறங்கியது. அவர்கள் வெளியூர்க்காரர்கள், அந்த வெள்ளைக் கழிகளைப் பற்றி அவர்களுக்கென்ன தெரியும். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கொத்தவால் சம்பந்தியோடு பேசியபடி பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன் பார்த்துக் கத்துவதற்குள் கோட்டை வாசலிலிருந்து துரை வெளியே வந்துவிட்டார்.

பாதையை அடைத்துக்கொண்டு கிடந்த தட்டுகளைப் பார்த்துத் துரை ஏதோ கேட்டார். கல்யாணச் சாமான், இதோ எடுத்துவிடுவார்கள் என்று துபாஷி குழைந்தார். அவள் கழிக்கு வெளியே நின்றபடியே, துரையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னாள்.

"உத்தரவு இன்னானு தமுக்கைக் கேளுங்க சாமி."

தமுக்கு என்ற சொல் துரைக்குப் புரிந்தது. என் பக்கம் விரலை நீட்டினார். அவர் பக்கத்தில் ஒல்லாந்து பாஷை கற்ற இன்னொரு கணக்கன் நின்றிருந்தான், துபாஷியைப் பிடிக்காதவன். அவன் இருக்கும்போது துபாஷி மாற்றிச் சொல்ல முடியாது. கொத்தவால் என்னைப் பார்த்தான். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவன் கண் என்னைக் கெஞ்சியது.

'யாருடையதானாலும்' என்ற ஒரு சொல்லை நான் விட்டிருக்கலாம். மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் தமுக்கை மூன்று தட்டுத் தட்டி, துறை முழுக்கக் கேட்கும்படி, முழு உத்தரவையும் சொன்னேன். யாருடையதானாலும் என்ற இடத்தில் நிறுத்திச் சொன்னேன். வாயில் அது இனித்தது.

கணக்கன் அதைத் துரைக்குச் சொன்னான். துரை கொத்தவாலை அழைத்து எடுத்துவரச் சொல்லிவிட்டு நடந்தார். சம்பந்தி பார்க்க, பெண்கள் பார்க்க, கொத்தவால் ஒவ்வொரு தட்டாகத் தன் கையாலேயே கோட்டைக்குள் கொண்டுபோனான். தாலி இருந்த தட்டைக் கடைசியாகத் தூக்கினான். திருப்பிக் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கிழக்கே பார்த்தபடி நின்றார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணியைப் பார்த்து நடந்தார். கட்டப்போகிற தாலியைத் தன் கையாலேயே கோட்டைக்குக் கொடுத்தவன் வீட்டில் அவர்கள் எப்படிப் பெண் எடுப்பார்கள்.

அவள் மீதிப் பானகத்தைப் படகுக்காரர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கல்யாணப் பெண் துறைக்கு வந்தாள். தனியாக வந்தாள். அடுப்பின் முன்னால் நின்று நேராகவே கேட்டாள்.

"நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன்?"

"எங்கே அடிச்சா உங்க நைனாவுக்கு நோவும்னு பாத்தேன். நீதான் கெடச்ச. என் தங்கச்சியும் அவருக்கு ஒண்ணும் பண்ணலியே."

அந்தப் பெண் அழவில்லை. தங்கையைப் பார்க்க வேண்டும் என்றாள். இவள் அடுப்பை அணைத்துவிட்டுக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கழியைப் பிடித்த அதே கையோடு நானும் பின்னால் போனேன். தங்கை வலை முடிந்துகொண்டிருந்தாள். பெண் அவள் எதிரில் உட்கார்ந்து, முகத்தின் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். தங்கை யாரென்று கேட்டாள். சொன்னார்கள். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து பெண்ணுக்குக் கொடுத்தாள். பிறகு அக்காவிடம் திரும்பி, "என் பேரைச் சொல்லியா இதப் பண்ண? நான் கேட்டனா?" என்றாள். எதையும் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறவள் அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

கொத்தவால் குடும்பம் ஒரு மாதத்துக்குள் ஊரைக் காலி செய்தது. புதுக் கொத்தவால் வந்தான். கழிகளும் உத்தரவும் அப்படியே இருந்தன.

எனக்குத்தான் ஏதோ மாறிப்போயிற்று. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதற்கும் என்னைத் தமுக்கடிக்கக் கூப்பிடுவதை ஊர் நிறுத்திவிட்டது. தாலியைப் பறிகொடுக்க வைத்த வாய் என்றார்கள். என் தங்கை பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் நான் யாரென்று தெரிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். துறையில் எல்லாரும் அவளைப் பற்றிப் பேசினார்கள், பயத்தோடு கொஞ்சம் பெருமையாக. என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் துப்பினார்கள். இதெல்லாம் எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின. விளங்கிய அன்று நேரே அவளிடம் போனேன்.

"அக்கா, உத்தரவு அங்க நின்னவங்க எல்லாருக்கும் தெரியும். நீயே சொல்லியிருக்கலாம். ஏன் என்னைக் கைகாட்டின?"

மீனைத் திருப்பிப் போட்டாள். "கழியைப் புடிச்சது யாரு?"

"அவன் புடிக்கச் சொன்னான்."

"என் தங்கச்சி கடைசியா ரெண்டு கண்ணாலயும் பாத்தது உன்னத்தான். அத அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா."

"என்கிட்ட நீ வச்சிக்கிறேன்னு சொல்லவே இல்லியே."

"எதிரிக்குத்தான் அதச் சொல்லுவேன். நீ எங்கூட நெதம் கூழ் குடிச்சவன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வந்ததா என் மேல் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தமுக்கை எடுத்துவந்தேன். துபாஷி சொல்லாமல், துரை சொல்லாமல், துறை நடுவில் நின்று அடித்தேன். பொதி சுமந்தவர்கள் நின்றார்கள். மீன்காரிகள் தலையைத் தூக்கினார்கள். கழி முதலில் எங்கே இருந்தது, யார் பிடுங்கியது, யார் பிடித்துக்கொண்டது, சட்டியை யார் உதைத்தது, கோட்டையில் நான் என்ன பொய் சொன்னேன் என்று வரிசையாக, உத்தரவைச் சொல்லுகிற அதே ராகத்தில் சொன்னேன். உத்தரவில்லாமல் தமுக்கடித்ததற்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கோட்டை வாசலிலிருந்து இரண்டு சேவகர்கள் ஏற்கெனவே ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"குப்பம் வரைக்கும் கேட்டிருக்காது. அவ அங்கதான் கீறா. இன்னொரு தரம் சொல்லு."

சேவகர்கள் பாதிப் பாதைக்கு வந்துவிட்டிருந்தார்கள். நான் குப்பத்துப் பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.